சிக்னல் அறுந்தால் நிற்கும் வண்டி

அண்ணி: அந்தக் கம்பியைத் தொடாதே தம்பி, கை வெந்துடும்! இப்பத்தான் வெல்டிங் வெச்சேன்.

தம்பி: வெல்டிங் எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லித்தானே வரச் சொன்னீங்க? டிவி ரிப்பேர் கடையைச் சாத்திட்டு ஓடி வந்திருக்கேன்.

அண்ணி: முடிஞ்சுதான் இருந்தது. இது... ஒரு கைப்பிடி.

தம்பி: ரிமோட் காருக்குக் கைப்பிடியா?

அண்ணி: தூக்குறதுக்கு.

தம்பி: கட்டில் நீளத்துக்கு ஒரு காரைச் செஞ்சுட்டு, தூக்க வேற போறீங்களாக்கும்! பொம்மைக் கடைக்காரன் பார்த்தா மயங்கி விழுந்துடுவான்.

அண்ணி: மெதுவாப் பேசு. உள்ளே உங்க அண்ணன் தூங்குறார். ஆமா, தீப்பெட்டி மாதிரி ஒட்டியிருக்கியே, இது என்ன?

தம்பி: கைரோ. வண்டியோட வால் எந்தப் பக்கம் நழுவுதுன்னு இதுக்குத் தெரியும். உடனே முன் சக்கரத்தையும் அந்தப் பக்கமே திருப்பிப் பிடிச்சுக்கும். பின்பக்கத்தை லேசாத் தள்ளிப் பாருங்க.

அண்ணி: அட... தானாத் திரும்புதே! இரு, இந்தப் பக்கம்... அட, அட! இதுக்கு யார் சொல்லிக் கொடுத்தா?

தம்பி: போதும் அண்ணி, பசு மாடா என்ன, தடவிக்கிட்டே இருக்கீங்க.

அண்ணி: மழையில லாரி வழுக்கும்போது உங்க அண்ணனும் இப்படித்தான் திருப்புவார். பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருக்கேன். அவருக்குள்ள யார் கைரோ வெச்சது?

தம்பி: அதைக் கேட்டா ரெண்டு நாள் பேசுவார். கை மட்டும் மரத்துப் போகாம இருந்தா இன்னும் லாரி ஓட்டிக்கிட்டிருப்பார்...

அண்ணி: வேலையைப் பாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். நடுவுல சிக்னல் அறுந்துபோனா வண்டி அப்படியே நிக்கணும். அதைக் காட்டாம நீ இங்கேயிருந்து நகர முடியாது.

தம்பி: காட்டுறேன். இந்தாங்க, ரிமோட்டைப் பிடிங்க.

அண்ணி: நானா? நீயே பிடியேன்.

தம்பி: ரிமோட் சொல்றதை வாங்கிக்க வண்டிக்குள்ள ரிசீவர் இருக்கே, நான் அதோட பட்டனை அழுத்தணும் இல்லையா? எனக்கு என்ன நாலு கையா? ம்... லைட் எரிஞ்சுது. ரெண்டும் ஜோடி சேர்ந்தாச்சு. இப்ப ரிமோட்டை ஆஃப் பண்ணுங்க. அதான் சிக்னல் அறுந்த மாதிரி.

அண்ணி: பண்ணிட்... ஐயோ! சக்கரம் பேய் மாதிரி சுத்துது! நிறுத்து, நிறுத்து!

தம்பி: பேட்டரியைப் பிடுங்கிட்டேன்... நின்னுடுச்சு. நல்லவேளை, செங்கல் மேல தூக்கி வெச்சிருந்தோம்.

அண்ணி: இதுதான் நிக்கிற லட்சணமா? ஆள் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

தம்பி: ஆளா? மணல் மூட்டைதானே வைக்கப் போறதாச் சொன்னீங்க?

அண்ணி: எதிர்ல... எதிர்ல ஆள் இருந்திருந்தான்னு சொன்னேன்.

தம்பி: ஓ. ஆமா, ஜோடி சேர்க்கும்போது விரலை எங்கே வெச்சிருந்தீங்க?

அண்ணி: ரிமோட்டோட வேக விசையிலதான். அழுத்திப் பிடிச்சிருந்தேன்.

தம்பி: யார் அழுத்தச் சொன்னா?

அண்ணி: கிரைண்டரைக் கையில எடுத்தாலே விசையை அழுத்தித்தானே பழக்கம்...

தம்பி: போச்சு! அந்த நேரத்துல சக்கரம் சுத்தாது, ஆனா விசை எப்படி இருக்கோ, அதைத்தான் ரிசீவர் மனசுல வெச்சுக்கும். சிக்னல் போனா அதையே செய்யும். முழு வேகத்துல ஓடுன்னு நீங்களே அதுக்குச் சொல்லிட்டீங்க. விரலை எடுங்க... இன்னும் எடுங்க... பேட்டரியை மாட்டி மறுபடி சேர்க்கிறேன். ம். இப்ப ஆஃப் பண்ணுங்க.

அண்ணி: ...சத்தமே இல்ல.

தம்பி: வாசல்ல இறக்கி ஓட்டிப் பார்த்துடலாமா?

அண்ணி: மூட்டையை ஏத்து. பெல்ட் போடு.

தம்பி: மணலுக்குப் பெல்ட்... சரி, சரி, முறைக்காதீங்க.

அண்ணி: ரிமோட்டை நீ வாங்கிக்கோ.

தம்பி: நான் டயரைப் பார்க்கணும். நல்லா வழுக்கணும்னு பிளாஸ்டிக் பைப்பை வெட்டி மாட்டியிருக்கோமே, கழண்டுடக் கூடாது பாருங்க. ஓட்டுங்க. இன்னும் கொஞ்சம் அழுத்துங்க. இப்பத் திருப்புங்க!

அண்ணி: ஏய்... வழுக்குது! வால் தனியாப் போகுது தம்பி! பிடிச்சுக்கிச்சு! பாரேன், வட்டமாவே போகுது!

தம்பி: அப்படியே ஆஃப் பண்ணுங்க.

அண்ணி: ஓடும்போதேவா?

தம்பி: ஓடும்போதுதான்.

அண்ணி: ...நின்னுடுச்சு. சிலை மாதிரி நின்னுடுச்சு.

தம்பி: இன்னொரு தடவை?

அண்ணி: பத்து தடவை. ம்... தம்பி, உன்கிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. நாளைக்கு அதுல மூட்டை இல்ல. உங்க அண்ணனை உட்கார வைக்கப் போறேன். அந்தக் கைப்பிடியும் அவருக்குத்தான். வண்டி வழுக்குறதை உடம்புல ஒரு தடவை உணரணும்னு ஏங்கிப் போயிட்டார். அவருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. ரிமோட்டை மட்டும் நீதான் பிடிக்கணும். அவர் உள்ளே இருந்தா என் கைக்குத் தைரியம் வராது.

தம்பி: முடியாது அண்ணி.

அண்ணி: ஏன்டா? உனக்கும் பயமா?

தம்பி: அண்ணனுக்குப் போன வாரமே தெரியும். நீங்க டேப்பை வெச்சு இடுப்பு அளவு எடுத்தப்போ தூங்குற மாதிரி நடிச்சாராம். "ரிமோட் அவ கையில இருந்தா ஏறுறேன், உன் கையில இருந்தா ஏற மாட்டேன்"னு தீர்மானமாச் சொல்லிட்டார். அதான் கொடுத்ததிலிருந்து உங்க கையிலிருந்து நான் அதை வாங்கவே இல்ல.