செவந்தியின் முகம்

இலங்கையில் குருவிட்டைக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக் கோயில்களில் சாமி படம் எழுதுகிறவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. இளையவர் மடியில் ஒரு துணியை விரித்தார். அதில் பாதி எழுதிய சிறுபெண்ணின் படம்.

"பார்த்துச் சொல்லுங்கண்ணே. போன மாசம் காய்ச்சல்ல போன எம்மக செவந்தி."

மற்றவர் வெகுநேரம் பார்த்தார். "கையும் பாவாடையும் நல்லா வந்திருக்கு. முகந்தான் நீ எப்பவும் எழுதுற மாரியம்மன் முகமா இருக்கு."

"எத்தனையோ தடவை அழிச்சுப் பார்த்துட்டேன். அந்த முகந்தாண்ணே வருது. எம்புள்ள முகம் மனசுல நிக்க மாட்டேங்குது."

"சம்சாரத்துக்கிட்ட காட்டினியா? பெத்தவ சொல்லுவாளே."

"காட்டினேன். அம்மன்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிட்டா. அது நம்ம செவந்தின்னு நான் சொல்லல."