கூடலிங்கத்து மண்ணு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, மேக்கு மலை அடிவாரத்துல கோம்பைமேடுன்னு ஒரு ஊரு. ஊருக்கு ஒரு நூல் மில்லு. அப்ப அந்தப் பக்கத்துல ஏழு மில்லு இருந்துச்சாம். ஏழு மில்லும் சம்பளம் குடுத்து ஆளு வச்சு பாஸ்கட் பால் ஆடுச்சாம். ஏழு மில் லீக்குன்னு பேரு.

அந்த ஊருல கூடலிங்கம்னு ஒருத்தரு. களத்துல காத்துப் போக்கு பாத்து நெல்லு தூத்துறவரு. உசரம்னா உசரம், அப்படி ஒரு உசரம். எந்த வீட்டுக்குள்ள போனாலும் நெத்தியில ஒரு இடி வாங்கிட்டுத்தான் போவாராம். மில்லு மேனேஜரு ஒருநா பாத்துட்டாரு.

"யோவ், நீ கையைத் தூக்குனாலே கூடை எட்டும்யா. நாளைக்கே டீமுக்கு வந்துரு."

கூடைன்னுதான காதுல விழுந்துச்சு? மறுநா வீட்டுல இருந்து ஒரு ஓலைக் கூடையைத் தூக்கிட்டுப் போயிட்டாரு மனுசன். டீம் கேப்டன் அருளானந்தம், மேல கம்பியில தொங்குற வலையைக் காட்டி, "அண்ணே, கூடை அங்க இருக்கு"ன்னாராம். இவரு அண்ணாந்து பாத்தாராம்.

"அடியே இல்லையேப்பா. எத்தனை போட்டாலும் ஒழுகிருமே?"

இப்படித்தான் சேந்தாரு. லீக்கு ஆரம்பிச்சுச்சு. மொத ஆட்டத்துல, எதிராளி பந்தைத் தூக்கிட்டு ஓடுறான்னு அவனைப் பந்தோட சேத்துக் கட்டிப்பிடிச்சு அலாக்காத் தூக்கிட்டாரு. ஃபவுலு. ரெண்டாவது ஆட்டத்துலயும் தூக்குனாரு. ஃபவுலு. அஞ்சு ஃபவுலு பண்ணுனா வெளிய. பத்தே நிமிசத்துல வெளிய வந்து உக்காந்துருவாராம். ஆடுனாங்க, தோத்தாங்க. ஆடுனாங்க, தோத்தாங்க. பதினோரு ஆட்டம் தோத்தாச்சு. கூடலிங்கம் ஒரு பாயிண்டுகூடப் போடல.

முதலாளிக்குக் கோவம் வந்துருச்சு. "கடைசி ஆட்டமும் தோத்தா டீமைக் கலைச்சிருவேன். பத்துப் பேரும் வீட்டுக்குப் போங்க"ன்னுட்டாரு.

கூடலிங்கத்துக்குச் சோறு இறங்கல. அவரு சம்சாரம் ஒச்சம்மா கேட்டுச்சாம்: "ஆறு மாசமாக் கூடையில போடப் போறேன், போடப் போறேன்னு போறியளே. ஒண்ணாச்சும் போட்டியளா?"

"எனக்காகக் கவலை இல்ல புள்ள. எனக்குக் களம் இருக்கு. மத்தவுங்க ஒம்போது பேரு எங்க போவாங்க?"ன்னாராம்.

கடைசி ஆட்டம் ஆடி மாசத்துல, நம்ம ஊரு மண்ணு மைதானத்துல. எதிர்ல ஆத்தங்கரை மில்லு. தோல்வியே தெரியாதவங்க. சாயங்காலம் நாலு மணி. மேக்கு மலைக் கணவாயில இருந்து காத்து கிளம்புச்சு பாருங்க, வேட்டி நிக்கல, துண்டு நிக்கல, எறிஞ்ச பந்தும் நிக்கல. ரெண்டு பக்கமும் யாரு போட்டாலும் விழ மாட்டேங்குது. நம்மாளு ஒருத்தன் கண்ணுல தூசி விழுந்து உக்காந்துட்டான். அருளானந்தம் வேற வழியில்லாம, "அண்ணே, இறங்குங்க. யாரையும் தூக்கிராதீங்க!"ன்னாரு.

கூடலிங்கம் இறங்குனாரு. பந்து கைக்கு வந்துச்சு. என்ன பண்ணுனாருங்கிறீங்க? குனிஞ்சாரு. ஒரு சிட்டிகை மண்ணு எடுத்தாரு. மேல இருந்து விட்டாரு. மண்ணு கிழக்க பறந்துச்சு. கூடையைப் பாக்கல, மேக்க இருந்த புளியமரத்தைப் பாத்துப் பந்தை எறிஞ்சாரு.

"எலேய்! கூடை இந்தப் பக்கம்யா!"ன்னு ஊரே கத்துது.

ஒச்சம்மா எந்திரிச்சுச்சு. "சும்மா இருங்கப்பா. அவரு தூத்துறாரு!"

போன பந்து காத்துல வளைஞ்சு, திரும்பி, வலைக்குள்ள பொத்துன்னு விழுந்துச்சாம்!

ஆத்தங்கரைக்காரங்க ரெஃப்ரிகிட்ட ஓடுனாங்க. "சார், அவரு கூடையைப் பாக்காமப் போடுறாரு!" ரெஃப்ரி சட்டப் புத்தகத்தைப் பூராப் புரட்டிட்டு, "பாத்துதான் போடணும்னு எழுதலையேப்பா"ன்னுட்டாரு. அப்புறம் அவுங்களும் புளியமரத்தைப் பாத்து எறிஞ்சாங்க. பந்து மரத்துல போய் மாட்டிக்கிச்சு. கூடலிங்கம்தான் கையை நீட்டி எடுத்துக் குடுத்தாராம்.

ஆட்டம் முடியப் போகுது. ரெண்டு பக்கமும் சமம். கூடலிங்கத்தை ஒருத்தன் தள்ளிவிட்டுட்டான். இவருக்கு ரெண்டு ஃப்ரீ த்ரோ. யாரும் மறிக்கக் கூடாது, நின்னு போடலாம். ஆனா பத்து எண்ணுறதுக்குள்ள போடணும்.

மொதப் பந்தை எறிஞ்சாரு. எறிஞ்ச நேரம் பாத்துக் காத்து நின்னுபோச்சு! பந்து நேரா மேக்க போயி, புளியமரத்தடியில உக்காந்திருந்த முதலாளி மடியில விழுந்துச்சு.

ரெண்டாவது பந்து. மண்ணை எடுத்து விட்டாரு. நேரா கால்ல விழுந்துச்சு. ரெஃப்ரி எண்ணுறாரு. மூணு... நாலு... இன்னொரு சிட்டிகை. நேரா விழுந்துச்சு. "போடுங்கண்ணே!"ன்னு அருளானந்தம் அழுகுறாரு. ஆறு... ஏழு... சனம் பூராத் துண்டை உருவி வீசுது, காத்து வருமான்னு. கூடலிங்கம் அசையல. எட்டு... இன்னொரு சிட்டிகை விட்டாரு. மண்ணு ஒரு விரக்கடை கிழக்க சாஞ்சுச்சு.

ஒம்போதுல, கூடைக்கு ஒரு விரக்கடை மேக்க தள்ளி எறிஞ்சாரு. கம்பியில ஒரு தட்டு, போர்டுல ஒரு தட்டு, உள்ள!

ஒத்தப் பாயிண்டுல செயிச்சாச்சு. லீக்குலயே கடைசி இடந்தான். ஆனா டீமு கலையல. மறுவருசமும் பத்துப் பேரும் ஆடுனாங்க. அப்புறம் காலம் மாறி மில்லுங்க மூடுச்சு, லீக்கும் போச்சு.

இன்னைக்கு அந்த மைதானத்துக்குக் கூரை போட்டாச்சு, தரைக்குப் பலகை போட்டாச்சு. ஓரத்துல ஒரு மண் சட்டி இருக்கும். கூடலிங்கத்து மண்ணுன்னு பேரு. ஃப்ரீ த்ரோ போடப்போற பிள்ளைங்க ஒரு சிட்டிகை எடுத்து விடும். வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க: "நாலு சுவத்துக்குள்ள ஏதுப்பா காத்து?" நம்ம பிள்ளைங்க மண்ணு தரையைத் தொடுற வரைக்கும் பாத்துட்டுத்தான் பந்தை எடுக்கும்.