இருபத்தெட்டு பவுண்டு காற்று

இந்த ஸ்டேஷன் டீயில் பால் கொஞ்சம் தூக்கல். குறை சொல்ல நான் வரவில்லை. நடந்ததை நானே எழுதித் தருகிறேன் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் எழுதினால் டயர் கழன்றது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்.

என் பெயர் வில்ஃப்ரெட் பார்ஜிட்டர். எங்கள் யார்க்‌ஷயர் பழங்கால கார் சங்கத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பரிசோதகர். ஒரு கார் தொழிற்சாலையை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். அதுதான் சங்க விதி. ஒரு திருகாணி மாறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அதனால் என்னை யாருக்கும் பிடிக்காது, ரெஜினால்டு த்வெய்ட்டைத் தவிர.

அவனிடம் 1912-இல் செய்த ஹோல்டன்பி கார் இருந்தது. அதன் கையேட்டில் டயருக்கு இருபத்தெட்டு பவுண்டு காற்று என்று போட்டிருக்கிறது. அது அச்சுப்பிழை, ஐம்பத்தெட்டுதான் சரி என்று கம்பெனி மறுவருடம் ஒரு திருத்தச் சீட்டு அனுப்பியது. காற்று குறைந்தால் அந்தக் காலத்து டயர் வளைவில் கழன்றுவிடுமாம். ரெஜினால்டு அந்தச் சீட்டைக் கையேட்டில் ஒட்டி வைத்து, ஐம்பத்தெட்டே அடித்துக்கொண்டிருந்தான்.

கொஞ்சம் யோசியுங்கள். கார் 1912. சீட்டு 1913. கார் வெளியே வந்த அன்று அந்தச் சீட்டே கிடையாது.

இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

"யோவ், அச்சுக்காரன் தூங்கி வழிஞ்சதுக்கு நான் எதுக்குய்யா சாகணும்?" என்று சிரித்தான்.

"நீ சாகறது வேற விஷயம். கார் அசலா இருக்கணும்ல?"

அவன் மனைவி எனிட் சாண்ட்விச் வெட்டிக்கொண்டே, "ஒரு பொண்டாட்டி இருந்திருந்தா இந்தாளு இப்படி டயரைக் கட்டிக்கிட்டு அழுவாரா?" என்றாள். எனக்கு வலித்தது. ஆனால் அதற்காகச் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம். வெயில் ஏறுவதற்குள், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுவது என் வழக்கம். ரெஜினால்டு தொப்பியைத் தேடிப் போயிருந்தான். நாலு டயரிலும் காற்றை இறக்கினேன். சரியாக இருபத்தெட்டு. சாக்பீஸால் டிக் போட்டேன். நான் டிக் போட்ட காரை யாரும் மறுபடி பார்ப்பதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

சர்ச் இறக்கத்து வளைவில் முன்டயர் ஒன்று கழன்றது. கார் திருவிழாக் கூடாரத்துக்குள் புகுந்து, போட்டிக்கு வைத்த பூசணிக்காய்களை நசுக்கி, பாதிரியாரின் மேஜை விரிப்பைப் போர்த்திக்கொண்டு வாத்துக் குளத்தில் குப்புறக் கவிழ்ந்தது. பாதிரியார் பூசணிகளுக்கு அடியில் கிடந்தார், ரெஜினால்டு காருக்கு அடியில். குளத்துக்கு எனிடும் நானும்தான் முதலில் ஓடிச் சேர்ந்தோம். சக்கரங்கள் வானத்தைப் பார்த்திருந்தது அளக்க வசதியாக இருந்தது.

"தூக்குய்யா! என்னால தனியா முடியல! அவர் கை அசையுதுய்யா!"

"ஒரு நிமிஷம், எனிட்" என்றேன்.

மூன்று டயரிலும் இருபத்தெட்டு. ஓடிப்போன நாலாவதைப் புதரில் தேடிப் பிடிக்கப் பதினோரு நிமிடம் ஆனது. அதில் காற்றே இல்லை. ஆகவே அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

ஆமாம், ரெஜினால்டைக் கொன்றது நான்தான். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். முப்பது வருட நட்பு, நேற்று முழுக்க அழுதேன். உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொல்கிறாராம். நல்ல மனிதர்தான். ஆனால் டயரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?