பாவு முடியட்டும்

பரிமளாவுக்கும் எனக்கும் ஒருநாளும் மனஸ்தாபம் இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் இடது மார்பில் பிறந்த ஒரு செல் நான். அவள் சாப்பிட்ட களம்பூர் அரிசிச் சோற்றில்தான் வளர்ந்தேன். மற்ற செல்கள் போதும் என்று நிறுத்திக்கொண்ட இடத்தில் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அதற்கு நீங்கள் புற்று என்று பேர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்காது, ஆனால் மறுக்கப்போவதில்லை.

ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் அவள் வீடு. வீட்டுக்குள்ளேயே பட்டுத் தறி. நெய்த சேலை சுற்றிக்கொள்ளும் படமரம் அவளுக்கு முன்னால் குறுக்கே கிடக்கும். அறுந்த இழையைச் சேர்க்க எட்டிக் குனியும்போதெல்லாம் மார்பில் இடிக்கும். நாங்கள் கையில் தட்டுப்படும் அளவுக்குப் பெருகியபோது அவள் அந்த மரத்தைத்தான் சந்தேகப்பட்டாள்.

"படமரம் இடிச்சிகினே இருக்குது இல்ல, அதான் கட்டிகினு இருக்குது," என்று கணவர் சிவப்பிரகாசத்திடம் சொன்னாள்.

அவர் நல்ல மனிதர். பயந்துபோய், நாளைக்கே வேலூருக்குப் போய்க் காட்டிவிடலாம் என்றார்.

"பாவு முடியட்டுங்க, போலாம்."

அப்போது நான் சந்தோஷப்பட்டேன், ஒப்புக்கொள்கிறேன். தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் இழைதான் பாவு; மூன்று சேலை நெய்தால் அது தீர்ந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். தறியில் பாவு தீர்வதே இல்லை. பழைய பாவின் நுனியை அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் நுனியை அதோடு ஒவ்வோர் இழையாகத் திரித்துப் பிணைத்துவிடுவார்கள். கண் நோகப் பிணைத்த பிறகு அதை நெய்யாமல் விட அவளுக்கு மனம் வராது. அப்படி ஐந்து பாவு போயிற்று. எனக்கு எட்டு மாதம் கிடைத்தது.

எட்டாவது மாதம் ரத்தத்தில் இறங்கினோம். அங்கே பிழைப்பது சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒட்டிக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லையென்றால் செத்துப்போக வேண்டும் என்பதுதான் செல்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கும் ஒழுக்கம். தனியாக இறங்கியவர்களில் பலர் அப்படியே செத்தார்கள். ஓட்டத்தின் வேகத்தில் கிழிந்தவர்கள் உண்டு. மிச்சம் இருந்தவர்களைக் காவல் செல்கள் தேடித் தேடித் தீர்த்தன. அவர்களுக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

நான் தனியாக இறங்கவில்லை. ஒற்றைப் பட்டிழை அறுந்துபோகும், முறுக்கினால் தாங்கும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியும். ஏழு பேர் ஒருவரையொருவர் இறுகப் பிடித்துக்கொண்டோம். பிடித்திருந்த வரை சாகும் எண்ணமே வரவில்லை. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்க ஓடிவரும் தட்டணுக்கள் எங்களைப் புண் என்று எண்ணி மேலே ஒட்டிப் போர்த்திக்கொண்டன. காவல் செல்கள் உரசிக்கொண்டு வந்தன. அவளுடைய சொந்தத் தட்டணுக்களைப் பார்த்துவிட்டு விலகிப் போயின. அவளைக் காக்க இருந்ததே எங்களுக்குப் போர்வையாயிற்று. நாங்கள் கேட்டு வாங்கவில்லை. இதயத்தைக் கடந்து, நுரையீரலில் மெல்லிய குழாய் ஒன்றில் சிக்கி, அங்கேயே தங்கிவிட்டோம்.

அடுத்த மாதம் மகள் தேவிப்ரியா சென்னையிலிருந்து வந்து, பேச்சுக்கே இடம் கொடுக்காமல் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடியெல்லாம் கொட்டியது. பெருகிக்கொண்டிருக்கும் செல்களைத்தான் அந்த மருந்து தேடிக் கொல்லும்; நுரையீரலில் நாங்கள் பெருகாமல், அசையாமல் தூங்கினோம். எல்லாம் முடிந்து தறிக்குத் திரும்பிய அன்று அவள் செய்த முதல் வேலை, பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்துப் படமரத்தில் சுற்றிக் கட்டியதுதான். இனிமேல் இடிக்காது என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தாங்கவில்லை. அவள் துண்டு கட்டிக் காத்த இடத்தில் காக்க ஒன்றும் மிச்சமில்லை.

மூன்று வருஷமாயிற்று. பரிசோதனைக்குப் போவதை இரண்டாவது வருஷமே விட்டுவிட்டாள். நாங்கள் இப்போது ஏழு பேர் இல்லை, எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. கொஞ்ச நாளாக அவளுக்கு இருமல். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று மூச்சு வாங்குகிறாள். நேற்று போனில் அந்த இருமலைக் கேட்ட தேவிப்ரியா, உடனே போய் டாக்டரைப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"பட்டுத் தூசும்மா. இப்பதான் பிணைச்சிட்டு உக்காந்துகினு இருக்கேன். இந்தப் பாவு முடியட்டும்."

நான் அவளைத் தடுக்கவில்லை. அவள் மூச்சில் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறேன், நாளைக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பேன். அவளைக் கொன்றுகொண்டிருப்பது நான்தான். ஆனால் அவள் சாக வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் நூறு வயது இருக்கட்டும். அவளை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்.