எவன் போட்ட முடிச்சு

சத்யப்பிரியா: ஏணிய ஒழுங்கா புடி மாமா. ஆடுது.

புருஷோத்தமன்: ஏணி ஆடல. நீதான் ஆடுற. எறங்கு, நான் ஏறுறேன்.

சத்யப்பிரியா: வேணாம். நீ கீழயே இரு.

புருஷோத்தமன்: நடுக்கடல்ல ஆடுற போட்டு மேல நின்னு வல இழுக்கறவன் நான். எனக்கு ஏணி ஏறத் தெரியாதா?

சத்யப்பிரியா: ஏறத் தெரியும். ஏறி நீ என்னா பண்ணுவன்னும் தெரியும்.

புருஷோத்தமன்: என்னா பண்ணுவேன்?

சத்யப்பிரியா: ஒண்ணுமில்ல... அந்தக் கட்டிங் பிளேயரக் குடு.

புருஷோத்தமன்: இந்தா. கேபிள்காரன் பக்கிரி எதுக்கு இருக்கான்? பொம்பள ஏணில நிக்கறதப் பாத்தா தெருவே சிரிக்கும்.

சத்யப்பிரியா: அவரு தேருக்கு சீரியல் லைட்டு கட்டிக்கினு இருக்காராம். நாளைக்கு வராராம். இன்னிக்கு மூணு மணிக்கு மீட்டிங்க வச்சிக்கினு, நாளைக்கு வர லைன வச்சி நான் என்னா பண்றது?

புருஷோத்தமன்: அந்த டீம் லீடரு மீட்டிங்கா?

சத்யப்பிரியா: ஆமா. நானும் சென்னைப் பொண்ணு ஒருத்தியும். ரெண்டு பேர்ல ஒருத்திக்குத்தான் அந்தப் பதவி. போன வாரம் நான் பேசிக்கினு இருக்கும்போதே நெட்டு போச்சா... ஆபீசு மேடம் சொல்லிட்டாங்க, இன்னொரு தடவ போச்சுன்னா அவளுக்குத்தான்னு.

புருஷோத்தமன்: காலைல நல்லாத்தான இருக்கு. மதியானம் ஆனாத்தான...

சத்யப்பிரியா: மதியானம் கடல்லருந்து கொண்டக்காத்து எறங்குதா, ஒயரு ஆடுது. ஒயரு ஆடுனா நெட்டு போவுது. கடலுக்குப் போறவன், ஒனக்கா தெரியாது?

புருஷோத்தமன்: காத்தப் பத்தித் தெரியும். ஒயரப் பத்தி எனக்கு என்னா தெரியும்.

சத்யப்பிரியா: அப்டியா... சரி. இதோ இருக்கு பாரு. நடுவுல எவனோ ஒட்டுப் போட்டிருக்கான்.

புருஷோத்தமன்: ...ஒட்டா?

சத்யப்பிரியா: அந்துபோன ரெண்டு முனையையும் சேத்து, மேல நைலான் நூலு. அதுக்கும் மேல, போட்டுல ஓட்ட உழுந்தா பூசுவாங்களே, அந்தப் பசை.

புருஷோத்தமன்: பக்கிரி வேலயா இருக்கும்.

சத்யப்பிரியா: பக்கிரி கிட்ட ஏது போட்டுப் பசை?

புருஷோத்தமன்: யாருகிட்டயாவது கேட்டு வாங்கியிருப்பான். ஊரு பூரா போட்டுதான.

சத்யப்பிரியா: எவன் கட்டுனானோ, தரித்திரம் புடிச்ச வேல. முடிச்சப் பாரு... லொடலொடன்னு கெடக்கு.

புருஷோத்தமன்: லொடலொடன்னா?

சத்யப்பிரியா: ஆமா.

புருஷோத்தமன்: இழுத்துப் பாரு.

சத்யப்பிரியா: எதுக்கு?

புருஷோத்தமன்: இழுத்துப் பாருங்கறேன். பெரிய சொறா தொங்குனாலும் நவுராது அது. ரெண்டு சுத்து சுத்தி, அடியால உட்டு வாங்கி, எச்சி தொட்டு இறுக்கணும். மழ பேஞ்சா இன்னும் இறுவும். இந்த வீராம்பட்டினத்துல அத ஒழுங்காப் போட எவன் இருக்கான்...

சத்யப்பிரியா: ம்... சொல்லு.

புருஷோத்தமன்: அதாவது... பக்கிரி அப்டி போட்டிருந்தான்னா.

சத்யப்பிரியா: பக்கிரிக்கு செருப்பு வாரு கூட மாட்டத் தெரியாது மாமா. ஏணிய உட்றாத.

புருஷோத்தமன்: புடிச்சிக்கினுதான் இருக்கேன்... அன்னிக்கு ஒரு நாளு போட்டு எஞ்சின தோள்ல வச்சி எடுத்தாந்தேன். அதோட வாலு, அந்தக் காத்தாடி மாட்டற கம்பி, நீட்டமா இருக்கா... ஒயருல மாட்டி அந்துபோச்சு. நீ கடைக்குப் போயிருந்த. நீ வரதுக்குள்ள கட்டிட்டேன்.

சத்யப்பிரியா: சொல்றதுக்கு என்னா?

புருஷோத்தமன்: எப்டி சொல்றது? கரையில போயி அளந்து வச்சிருக்கேன்... எம் பொண்டாட்டி ஊட்ல குந்திக்கினே பிரான்சுல இருக்கறவங்ககிட்ட பேசறா, அவளுக்கு லைனு பாத்துக் குடுக்கறது நான்தான்னு. எங்கூட வல இழுக்கற காத்தவராயன் வாயப் பொளந்துட்டான். அறுத்ததும் நான்தான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?

சத்யப்பிரியா: லைனு பாக்கறது நீயா?

புருஷோத்தமன்: ஒரு பேச்சுக்கு சொல்றதுதான.

சத்யப்பிரியா: முடிச்சு நல்ல முடிச்சுதான். ஆனா ஒயரு கயிறு இல்ல மாமா. இங்க பாரு, நடுவுல ஒரு செப்புக் கம்பி. அதச் சுத்தி வலை.

புருஷோத்தமன்: வலையா?

சத்யப்பிரியா: பொடிக் கம்பி வலை. அது நடுக்கம்பி மேல படவே கூடாது. நீ ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சி இறுக்கிட்ட. காத்துல ஆடறப்போ இதுல அது படுது, நெட்டு செத்துப்போவுது.

புருஷோத்தமன்: வலை கிழிஞ்சிருக்குன்னு சொல்லு.

சத்யப்பிரியா: அதேதான். அதான் கம்பத்துலருந்து ஊட்டு வரைக்கும் ஒட்டே இல்லாம ஒரே புது ஒயரு... முனையில பின்னும் மாட்டியாச்சு. நவுரு, எறங்கறேன். உள்ள போயி நெட்டுப் பொட்டில லைட்டு பாரு.

புருஷோத்தமன்: பச்சையா எரியுது.

சத்யப்பிரியா: விட்டு விட்டா?

புருஷோத்தமன்: இல்ல, ஒரே நிதானமா. வெளிய பாரு, காத்து எறங்கிடுச்சு, தென்ன மட்ட அந்த ஆட்டம் ஆடுது. லைட்டு அசையல... ஏ சத்யா, இதெல்லாம் எங்க கத்துக்கின?

சத்யப்பிரியா: மொதமொத பக்கிரி மாட்டறப்போ பக்கத்துல நின்னு பாத்தேன். பாத்தா வராதா?

புருஷோத்தமன்: இனிமே கரையில மாத்தி சொல்லணும்.

சத்யப்பிரியா: என்னான்னு?

புருஷோத்தமன்: வேலையும் அவதான், லைனும் அவதான், நான் ஏணி புடிக்கறவன்னு.

சத்யப்பிரியா: காத்தவராயன் சிரிப்பாரு.

புருஷோத்தமன்: சிரிக்கட்டுமே. எனக்குப் பெருமையா இருக்கு, அவன் சிரிச்சா என்னா? டீம் லீடரு ஒனக்குத்தான், எழுதி வச்சிக்க... அந்த ஒட்டுத் துண்டக் குடு. கடல்ல வீசிட்டு வரேன்.

சத்யப்பிரியா: வேணாம். அது எங்கிட்டயே இருக்கட்டும்.

புருஷோத்தமன்: எதுக்கு, மானத்த வாங்கவா? ஆமா... அத முன்னாடியே பாத்துட்டுத்தான் என்ன ஏற உடலையா?

சத்யப்பிரியா: நேத்து மாடில துணி காயப்போடறப்பவே பாத்துட்டேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்.

புருஷோத்தமன்: பாத்த ஒடனே நான்தான்னு எப்டித் தெரியும்? ஊர்ல எல்லாரும்தான் முடிச்சு போடறான்.

சத்யப்பிரியா: எங்கழுத்துல போட்டியே, அதே முடிச்சுதான மாமா. ஒங்கக்காவக் கூட கிட்ட உடாம மூணையும் நீயே போட்ட. தாலி பிரிச்சுக் கோக்கறன்னிக்கு ஒங்கம்மா நகத்தால பாத்து, எங்கம்மா பல்லால பாத்து, அவுக்க வராம... கடசில கரைக்கு ஆளு உட்டு ஒன்னையேதான கூட்டியாந்தாங்க.