கோதுமைப்புல் டம்ளர்

"ஹலோ... ஆமா மதினி, உமாதான்... ஆமா, ஆமா, தென்காசி ஆஸ்பத்திரியிலதான் இருக்கோம்..."

செங்கோட்டையிலிருந்து நாத்தனார் சண்முகசுந்தரி. உமா மகேஸ்வரி வராந்தாவில் நிற்கிறாள். எதிரே, குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர்கள் ஈரத்துண்டோடு டீ குடிக்கிறார்கள். அழவேண்டிய நேரம்தான். அவளுக்கு அழுகை வரவில்லை.

"ஒங்க தம்பி முழிச்சிட்டாவ... வலது கைதான் தூக்க முடியல... பேச்சு கொழறுது... அழாதீங்க மதினி... ஜூஸா?... வேண்டாம், பிளாஸ்க்ல ஒண்ணும் கொண்டுவர வேண்டாம்... ஆமா, புல்லு நல்லாத்தான் வளந்துது."

மாடிப்படிக்குக் கீழே, முளைப்பாரி போடுகிற பக்குவத்தில் ஈரத்துணி மூடி அவள் வளர்த்த கோதுமைப்புல். நெஞ்சில் வால்வு மாற்றியதிலிருந்து அவள் கணவன் பிச்சுமணிக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. கீரையில் கவனம் வேண்டும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். உமா முருங்கைக்கீரையை வாசற்படி ஏறவிடவில்லை. மதினி ஆசையாய்க் கோதுமை கொண்டுவந்து, சாறு எடுக்கச் சொல்லித் தந்தபோது, அதைக் கீரையோடு சேர்த்து நினைக்க அவளுக்குத் தோன்றவில்லை. மாடு தின்கிற புல்தானே. வெறும் வயிற்றில் தினம் ஒரு டம்ளர். அந்தச் சாறு மாத்திரையை வேலை செய்ய விடாததால், ரத்தம் கட்டி மூளைக்குப் போயிருக்கலாம் என்று டாக்டர் காலையில்தான் சொன்னார். மதினி தாங்கமாட்டாள், இந்த விஷயம் தன்னோடு போகட்டும் என்றிருந்தாள் உமா.

"டாக்டர் என்னத்தச் சொல்லுதாரு... வயசாச்சுங்காரு... ஆமா. ஆமா... நம்ம நேரம்... என்னது?... அண்ணனுக்கும் அந்தச் சாறு குடுக்கியளா?... எப்பமிருந்து?"

மதினியின் வீட்டுக்காரர் முத்துராமலிங்கத்துக்கும் படபடப்புக்கு அதே மாத்திரைதான்.

"இப்பம் கையில வச்சிருக்கியளா?... மதினி, அதக் கீழ ஊத்துங்க... நல்ல பொருள்தான், இல்லங்கல. அந்த மாத்திரையோட சேராது... டாக்டர்தான் சொன்னாரு... மாத்திரைய நிப்பாட்டிராதீங்க. இன்னைக்கே அண்ணன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி, இதக் குடிச்சாவன்னு சொல்லுங்க... ஆமா..."

அடுத்து மதினி என்ன கேட்பாள் என்று அவளுக்குத் தெரியும். கேட்டாள்.

"...ஆமா மதினி. இவியளுக்கும் அதாலதான் இருக்கும்ங்காரு."

உமா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"மதினி... கொண்டுவந்தது நீங்கன்னா, குடுத்தது என் கையில்லா... ஊத்திட்டியளா?... மதினி?"

தொட்டியில் டம்ளரைக் கவிழ்த்து ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு லைன் கட்டானது.