மார்க்கைக் குறைக்க ஒரு மனு

சின்னப்பராஜ்: ...அது சரி. கம்மி பண்ணணும்னா?

சூர்யகலா: கம்மி பண்ணணும் சார்.

சின்னப்பராஜ்: மார்க்க.

சூர்யகலா: ஆமா சார். இங்கிலீஷ்ல.

சின்னப்பராஜ்: ஏம்மா, நான் இந்த காலேஜ் ஆபீசுக்கு வந்து இருவது வருஷத்துக்கு மேல ஆவுது. மார்க்க ஏத்திக் குடுன்னு வந்து நின்னவங்க உண்டு. அழுதவங்க உண்டு. மாமனக் கூட்டியாந்து மெரட்டனவங்க உண்டு. கொறச்சிக் குடுன்னு யாரும் வந்ததில்ல.

சூர்யகலா: தப்பா எழுதிட்டேன் சார். அப்ளிகேசன்ல எம்பத்தொண்ணுன்னு போட்டுட்டேன். நான் எடுத்தது அம்பத்தெட்டுதான்.

சின்னப்பராஜ்: பேரு இன்னா சொன்ன?

சூர்யகலா: சூர்யகலா சார். பி.காம் செகண்ட் இயர். விழுப்புரத்துலருந்து இங்க திண்டிவனத்துக்கு டிரான்ஸ்ஃபர் கேட்டிருந்தேன். லிஸ்ட்ல மொதப் பேரு.

சின்னப்பராஜ்: தெரியுதில்ல, மொதப் பேருன்னு? இருக்கறது ஒரே சீட்டு. அது உனக்கு வந்திருக்கு. திங்கக்கெழம டி.சி.ய வாங்கிக்கினு வந்து சேரு. கெளம்பு.

சூர்யகலா: அந்தத் தப்பு மார்க்குலதான் சார் வந்துச்சி. சரியான மார்க்க போட்டா நான் ரெண்டாவது. ரெண்டாவது இருக்கறவ மொதல்ல வந்துடுவா.

சின்னப்பராஜ்: எந்த ஊரு நீ?

சூர்யகலா: மரக்காணம் பக்கம் சார். கடலோரக் குப்பம். அப்பா கட்டுமரம் ஓட்டனவரு.

சின்னப்பராஜ்: உங்க ஊர்ல எல்லாரும் இப்பிடித்தானா? வலைல வந்தத திருப்பிக் கடல்ல வுடறது?

சூர்யகலா: குஞ்சா இருந்தா வுடுவாங்க சார்.

சின்னப்பராஜ்: ...எப்ப தெரிஞ்சிது உனக்கு, தப்புன்னு?

சூர்யகலா: லிஸ்ட் ஒட்டனதுக்கு அப்பறம் சார்.

சின்னப்பராஜ்: எப்பிடி ஆச்சி?

சூர்யகலா: ஹாஸ்டல்ல, நானும் எங்கூட ரூம்ல இருக்கற பொண்ணும் ஒண்ணா ஒக்காந்து எழுதனோம் சார். அவளும் இங்கதான் டிரான்ஸ்ஃபர் கேட்டிருந்தா. ரெண்டு பேரு மார்க் ஷீட்டும் ஒரே கட்டில்ல கெடந்துது. தமிழு மார்க்க என்னுத பாத்துதான் எழுதனேன். இங்கிலீஷ் வரும்போது ஃபேன் காத்துல ரெண்டும் கலஞ்சிப்போச்சி. அவளோடத பாத்து எழுதிட்டேன்.

சின்னப்பராஜ்: ம்.

சூர்யகலா: யாரு அந்தப் பொண்ணுன்னு கேக்கலியா சார்?

சின்னப்பராஜ்: எதுக்குக் கேக்கணும். அப்ளிகேசன்ல அந்தக் கேள்வி இல்ல.

சூர்யகலா: கூடவே மார்க் ஷீட் ஜெராக்ஸ் வச்சிருக்கேன் சார். அது என்னுதுதான், சரியாத்தான் இருக்கு. நீங்க எடுத்துப் பாத்தீங்கன்னா...

சின்னப்பராஜ்: ஜெராக்ஸ எல்லாம் நம்ப முடியாதும்மா. பஸ் ஸ்டாண்டு கடைல எடுத்திருப்ப. அவன் மெஷின்ல எல்லா நம்பரும் ஒண்ணு மாதிரிதான் வுழும்.

சூர்யகலா: எம்பத்தொண்ணும் அம்பத்தெட்டுமா சார்?

சின்னப்பராஜ்: ரெண்டுலயும் எட்டு இருக்குதில்ல?

சூர்யகலா: ...இருக்குது சார்.

சின்னப்பராஜ்: அப்பறம் இன்னா.

சூர்யகலா: நான் லெட்டரு எழுதியாந்துட்டேன் சார். நீங்க வாங்கிக்கினு சீல் வச்சா போதும்.

சின்னப்பராஜ்: எங்ககிட்ட அட்ரஸ் மாத்தறதுக்கு ஃபாரம் இருக்கு. இன்ஷியல் மாத்தறதுக்கு இருக்கு. போட்டோ நல்லா வுழலன்னா அத மாத்தறதுக்குக்கூட ஒண்ணு இருக்கு. மார்க்க கொறைக்கறதுக்கு ஃபாரம் இல்ல.

சூர்யகலா: வெள்ளப் பேப்பர்லதான் எழுதியிருக்கேன் சார்.

சின்னப்பராஜ்: வெள்ளப் பேப்பர நான் எந்த ஃபைல்ல வக்கிறது? ஏம்மா, தப்பு பண்ணிட்டேன்னு மனசுல பாரமா இருந்தா நாங்க சனிக்கெழம மாதா கோயிலுக்குப் போயி சாமியாருகிட்ட சொல்லுவோம். அதோட முடிஞ்சிடும். யாரும் சீல் கேக்கறதில்ல.

சூர்யகலா: நாங்க மாரியாத்தா கோயிலுக்குப் போறவங்க சார். அங்க இதெல்லாம் கேக்க ஆளில்ல.

சின்னப்பராஜ்: சரி, ஒரு வழி சொல்றேன் கேளு. பரீட்சைய இன்னொரு தடவ எழுது. எம்பத்தொண்ணு எடுத்துடு. அப்ளிகேசன் தானா சரியாயிடும்.

சூர்யகலா: அம்பத்தெட்டு எடுக்கறதுக்கே நாக்கு தள்ளிடுச்சி சார்.

கிளியம்மாள்: சார், டீ. பாப்பாவுக்கும் ஒண்ணு எடுத்தாந்தேன். அப்போலருந்து நின்னுக்கினே இருக்குது.

சின்னப்பராஜ்: உன்ன யாரு கேட்டா? வச்சிட்டுப் போ.

கிளியம்மாள்: போறேன், போறேன். இன்னா கண்ணு, அழுதியா? சாரு அப்பிடித்தான் பேசுவாரு. நான் இங்க பெருக்க வந்த நாள்லருந்து பாக்கறேன், சிரிச்சதில்ல.

சூர்யகலா: அழுவலீங்க.

கிளியம்மாள்: எங்க படிக்கிற?

சூர்யகலா: விழுப்புரத்துலங்க. ஹாஸ்டல்ல தங்கி, பி.காம்.

கிளியம்மாள்: அட, நம்ம சாரு பொண்ணுகூட அங்கதான். அதே பி.காமுதான்...

சின்னப்பராஜ்: கிளியம்மா.

கிளியம்மாள்: வூடு இந்தா இருக்குது, காலேஜு மணி அடிச்சா வூட்ல கேக்கும். அத வுட்டுட்டு பொண்ண கொண்டும்போயி விழுப்புரத்துல சேத்தாரு. ஏன் சார்னா, அப்பன் சூப்ரண்டா ஒக்காந்திருக்கற எடத்துல பொண்ணு படிச்சா ஊரு பேசுமாம். ஊருக்கு வேற வேல இல்ல பாரு.

சின்னப்பராஜ்: பிரின்ஸ்பால் ரூம்ல டம்ளருங்க அப்பிடியே கெடக்குது.

கிளியம்மாள்: கழுவி கவுத்துட்டேன் சார்.

சின்னப்பராஜ்: இன்னொரு தடவ கழுவு.

கிளியம்மாள்: ...கழுவறேன். கண்ணு, டீ ஆறிடப் போவுது.

சின்னப்பராஜ்: குடி. அவ பேசறத காதுல போட்டுக்காத.

சூர்யகலா: இல்ல சார்.

சின்னப்பராஜ்: ஹாஸ்டல்ல... எந்த ரூமு நீ?

சூர்யகலா: பதினொண்ணு சார்.

சின்னப்பராஜ்: ம்... சாப்பாடெல்லாம் எப்பிடி அங்க?

சூர்யகலா: சாம்பாரு தண்ணியா இருக்கும் சார். ஞாயித்துக்கெழம முட்ட.

சின்னப்பராஜ்: எல்லாப் பொண்ணுங்களும் சரியா சாப்புடறாங்களா?

சூர்யகலா: பொதுவா கேக்கறீங்களா சார்?

சின்னப்பராஜ்: பொதுவாத்தான்.

சூர்யகலா: பொதுவா, ஒருத்தி மட்டும் பாதிய வச்சிடுவா சார். ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிட்டு வந்தா நேரா படுத்துக்குவா. முட்டைய நான்தான் துன்னுவேன்.

சின்னப்பராஜ்: ஒடம்புக்கு எதுனா...

சூர்யகலா: ஒடம்புக்கு ஒண்ணுமில்ல சார். வூட்டு நெனப்பு.

சின்னப்பராஜ்: அவ வூட்லருந்து யாரும் வந்து பாக்கறதில்லயா?

சூர்யகலா: அம்மா வருவாங்க. அவங்கதான் அப்ளிகேசன்ல கையெழுத்துப் போட்டாங்க. அப்பா வந்ததில்ல சார். பொதுவா.

சின்னப்பராஜ்: ...இரு, போன் அடிக்குது. ஹலோ. வணக்கங்கய்யா... ஆமாங்க, டிரான்ஸ்ஃபர் லிஸ்ட்ட ஒட்டியாச்சிங்க... இல்லீங்க, ஒரு பிரச்சனையும் இல்ல. மொதப் பேரு பொண்ணு எதுர்லயே நிக்கிது... நல்ல சந்தோசமா இருக்குதுங்க... சரிங்கய்யா, வச்சிடறேன்.

சூர்யகலா: யாரு சார்?

சின்னப்பராஜ்: கரஸ்பாண்டெண்ட்டு. பாத்தியா, அவரு வரைக்கும் போயாச்சி. இனிமே மாத்தனா பேஜாரு.

சூர்யகலா: நான் சந்தோசமா இருக்கறேன்னு சொன்னீங்களே சார்.

சின்னப்பராஜ்: ஏன், சீட்டு கெடச்சதுல சந்தோசம் இல்லயா உனக்கு?

சூர்யகலா: இருக்குது சார். ரொம்ப இருக்குது. அப்பாவுக்கு ஒரு பக்கம் கையி காலு வரல. போன வருஷத்துலருந்து படுக்கைதான். அம்மா விடிகாலைல மீனெடுக்கப் போயிட்டா அவர தூக்கி ஒக்கார வக்க ஆளில்ல. இங்க சேந்துட்டா, காலைல கஞ்சி குடுத்துட்டு பஸ் ஏறி வந்துட்டு, சாயங்காலம் வூட்டுக்குப் போயிடலாம். லிஸ்ட்ல எம் பேர பாத்துட்டு பஸ்ல அழுதுக்கினே போனேன் சார்.

சின்னப்பராஜ்: அப்ப வாய மூடிக்கினு வந்து சேர வேண்டியதுதானே. உங்கப்பனுக்காவத்தான் நானும் இவ்ளோ நேரமா சொல்லிக்கினு இருக்கேன்.

சூர்யகலா: எங்கப்பாவுக்காவயா சார்?

சின்னப்பராஜ்: பின்ன?

சூர்யகலா: ரெண்டாவது பேரு யாருன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?

சின்னப்பராஜ்: ...தெரியும்.

சூர்யகலா: மெர்லின்.

சின்னப்பராஜ்: மெதுவாப் பேசு. வெளிய கிளியம்மா நிக்கிறா.

கிளியம்மாள்: நான் இல்ல சார். டம்ளரு கழுவிக்கினு இருக்கேன்.

சின்னப்பராஜ்: ...நான் அவ அப்பன்னு உனக்கு எப்ப தெரியும்?

சூர்யகலா: உள்ள வந்தப்பவே தெரியும் சார். உங்க போட்டோவ அவ பெட்டி மூடில உள்பக்கம் ஒட்டி வச்சிருக்கா. அதுலயும் நீங்க சிரிக்கல.

சின்னப்பராஜ்: அவ அனுப்பனாளா உன்ன?

சூர்யகலா: இல்ல சார். போவாத, போயி சேரு, உங்கப்பாவ பாருன்னுதான் சொன்னா. நான்தான் கேக்காம வந்துட்டேன். அவ எடுத்த மார்க்குலயே அவள பின்னால தள்ளிட்டு, எப்பிடி சார் நான் வந்து ஒக்கார்றது? ஒவ்வொரு நாளும் குறுகுறுன்னு இருக்கும்.

சின்னப்பராஜ்: இங்க பாரும்மா. நீ லெட்டரு குடுத்தேன்னு வச்சிக்க. ஒட்டன லிஸ்ட்ட கிழிக்கணும். புதுசா ஒட்டணும். மொதப் பேரு மெர்லின், தகப்பன் பேரு சின்னப்பராஜ். கீழ கையெழுத்தும் சின்னப்பராஜ். மீன்காரரு பொண்ணு பேர அடிச்சிட்டு சொந்தப் பொண்ணு பேர எழுதிக்கினான்னு ஒரே நாள்ல மேம்பாலம் வரைக்கும் பேசிடுவான். இத்தினி வருஷம் என்ன ஒருத்தன் ஒரு வார்த்த சொன்னதில்ல.

சூர்யகலா: அவளுக்கு வரவேண்டிய சீட்டு சார் அது.

சின்னப்பராஜ்: தெரியும்.

சூர்யகலா: அவ படிச்சி எடுத்த மார்க்கு.

சின்னப்பராஜ்: தெரியும்னு சொல்லிட்டேன்.

சூர்யகலா: ...சார், அப்ளிகேசன்ல போட்ட மார்க்கயும் ஜெராக்ஸயும் வச்சி சரி பாக்கறது யாரு?

சின்னப்பராஜ்: நான்தான்.

சூர்யகலா: என்னுத பாக்கலயா சார்?

சின்னப்பராஜ்: ...பாத்தேன்.

சூர்யகலா: பாத்தீங்களா?

சின்னப்பராஜ்: அப்ளிகேசன்ல எம்பத்தொண்ணு. ஜெராக்ஸ்ல அம்பத்தெட்டு, நல்லா தெளிவா இருந்துச்சி. செவப்பு பேனாவ கைல எடுத்துட்டேன். சுழிச்சா மேல வர்றது எம் பொண்ணு பேரு. பேனாவ மூடி வச்சிட்டேன்.

சூர்யகலா: வேற யாரு பேருனா மேல வந்திருந்தா சார்?

சின்னப்பராஜ்: வேற யாரு பேரா இருந்தாலும் சுழிச்சிருப்பேன். ஒரு பேச்சு வந்துடக்கூடாதுன்னு பண்ணேன். இப்ப வாய வுட்டு சொல்லும்போது அசிங்கமா இருக்குது.

சூர்யகலா: லெட்டர வாங்கிக்கறீங்களா சார்?

சின்னப்பராஜ்: குடு.

சூர்யகலா: இந்தாங்க சார்.

சின்னப்பராஜ்: தேதி போடல பாரு. இங்க போடு... ம். சீல் வச்சாச்சி. நாளைக்குக் காலைல லிஸ்ட்ட மாத்தி ஒட்டறேன். பேசறவன் பேசட்டும். அடுத்த செமஸ்டருக்கு யாருனா படிப்ப வுட்டு நின்னாங்கன்னா சீட்டு காலியாவும். அப்ப நீதான் மொதல்ல. ஆனா நிக்கணும். நிச்சயம்னு என்னால சொல்ல முடியாது.

சூர்யகலா: சரிங்க சார்.

சின்னப்பராஜ்: உங்கப்பாகிட்ட இன்னா சொல்லுவ?

சூர்யகலா: இந்தத் தடவ கெடைக்கலன்னு சொல்லுவேன் சார். அவரு ஒண்ணும் கேக்க மாட்டாரு.

சின்னப்பராஜ்: ...ஒண்ணே ஒண்ணும்மா. மெர்லினுக்கு சீட்டு வந்துடுச்சின்னு மட்டும் சொல்லு. நான் பாத்துட்டும் வுட்டுட்டேன்றத சொல்லாத. கண்ணுல படாம போயிடுச்சின்னே அவ நெனச்சிக்கட்டும்.

சூர்யகலா: அப்பிடி அவ நெனைக்க மாட்டா சார்.

சின்னப்பராஜ்: ஏன்?

சூர்யகலா: லிஸ்ட் ஒட்டனதுக்கு அப்பறம்தான் தெரிஞ்சிதுன்னு நான் சொன்னது பொய்யி சார். அப்ளிகேசன போஸ்ட்ல போட்டுட்டு ரூமுக்கு வந்தவுடனே தெரிஞ்சிடுச்சி. அன்னிக்கே இங்க வந்து திருத்திக் குடுத்துடறேன்னு கெளம்பனேன். மெர்லின்தான் கையப் புடிச்சி ஒக்கார வச்சா. 'எதுக்கு வீணா அலையற, அங்க ஒக்காந்திருக்கறது எங்கப்பா, பொண்ணுக்காவ எதையும் பண்ணமாட்டாரு, ஆனா தப்பு ஒண்ண பாத்துட்டா வுடவும் மாட்டாரு'ன்னா. லிஸ்ட் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் உங்கள நம்பித்தான் சார் காத்துக்கினு இருந்தோம்.